மடை வேறு, கலுங்கு வேறு: மொட்டை மாடிக் காற்றாடியும் அதன் உபரி மின்சாரமும்

கானாடுகாத்தானை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆச்சி ஆடி மாதத்தில் தொலைபேசியில் அழைத்தார். பரம்பரை வீட்டின் முன்கட்டைச் செப்பனிட்டு, ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்குக் கொடுத்துவருகிறார்கள். மொட்டை மாடியில், முகப்புச் சுதைச் சிற்பங்களுக்குப் பின்னால், ஆளுயரத்தில் செங்குத்துக் காற்றாடி ஒன்று சுழல்கிறது. அழகுக்காக வைத்ததுதான். கூடவே திண்ணையிலும் முற்றத்திலும் எரியும் விளக்குகளுக்கு மின்சாரமும் தருகிறது.

"தம்பி, காற்றே இல்லாத மாசியில் ஒழுங்காக இருந்தது. இப்போது காற்று நன்றாக அடிக்கிறது, பெட்டியிலிருந்து புகை வருகிறது. காற்று வந்தால் கரண்டு கூடத்தானே வேண்டும்?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். காற்றாடியிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் கப்பாசிட்டர் என்ற மின்தேக்கி உப்பி வெடித்திருந்தது. பலகை கருகியிருந்தது. பேட்டரி முழு சார்ஜில் இருந்தது. காற்றாடியோ யாரும் பிடித்து நிறுத்த முடியாத வேகத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. காற்றாடியிலும் குறையில்லை, பேட்டரியிலும் குறையில்லை. வந்த மின்சாரம் போக இடமில்லாமல் திணறியதுதான் குறை. அந்தப் பெட்டியை விற்றவர்கள் அதற்கு ஒரு கலுங்கு வைக்க மறந்திருந்தார்கள்.

கலுங்கு என்று சொன்னவுடன் ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் புரியும். கண்மாய்க்கு மடை உண்டு, கலுங்கும் உண்டு. மடை வயலுக்குத் தண்ணீர் விட. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது அடைக்கலாம். கலுங்கு அப்படியல்ல. கண்மாய் நிறைந்து மட்டம் ஏறினால், யாரும் கேட்காமலே, யாரும் திறக்காமலே, மிகுந்த நீர் அதன்மேல் வழிந்து மறுகாலில் போய் அடுத்த கண்மாயைச் சேரும். ஆங்கிலேயப் பொறியாளர்கள்கூட இந்தச் சொல்லை மாற்றத் துணியாமல் 'காலிங்குலா' என்றே தங்கள் ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள். கலுங்கில்லாத கண்மாய் முதல் பெருமழையில் கரையை உடைத்துக்கொள்ளும். சிறு காற்றாடிக்கும் இதுதான் விதி. அதன் உபரி மின்சாரத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்: மடையைக் கலுங்கு என்று நம்பிவிடக் கூடாது.

குறைவாகத் தரும் கருவிக்கு உபரி எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செட்டிநாடு காற்றுக்குப் பேர்போன இடமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைப்போல மலைகளுக்கு நடுவே காற்றைக் குவித்துத் தள்ளும் அமைப்பு இங்கே கிடையாது, பொட்டல் சமவெளி. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று வீசும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் எழுந்தால் சில நாள் பலமாக அடிக்கும். மற்ற மாதங்களில் பெரும்பாலான நேரம் வேப்ப மரத்து இலை அசைந்தால் சரி என்கிற நிலை.

விடை காற்றின் கணக்கில் இருக்கிறது. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆச்சி வீட்டுக் காற்றாடி காற்றை மறிக்கும் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் மென்காற்றில், அந்தப் பரப்புக்குள் பாய்வது 12 வாட்தான். எந்தக் காற்றாடியும் இதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். அழகுக் காற்றாடிகள் அந்த எல்லையின் அருகில்கூடப் போவதில்லை; ஜெனரேட்டர் இழப்பு, வயர் இழப்பு எல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்தால் நல்ல காற்றாடி. ஆக, மென்காற்றில் 2.5 வாட். ஓர் எல்.இ.டி. விளக்கு எரியலாம்.

காற்று நொடிக்கு 6 மீட்டரானால் 20 வாட். 12 மீட்டரானால் 160 வாட். புயலுக்கு முந்திய மாலையில் நொடிக்கு 18 மீட்டரில் ஒரு வீச்சு அடித்தால் 500 வாட்டைத் தாண்டிவிடும். அதே காற்றாடிதான். ஒரே வாரத்துக்குள் 2 வாட்டிலிருந்து 500 வாட் வரை ஏறி இறங்குகிறது.

சராசரி காற்று 3 மீட்டராக உள்ள ஒரு மாதத்தில், வேகம் ஏறி இறங்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் காற்றாடி மூன்று அல்லது நான்கு யூனிட் தரும். இதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை அரசே வீடுகளுக்கு இலவசமாகத் தரும் மாநிலத்தில், மின்கட்டணம் மிச்சமாகும் என்று நம்பி யாரும் இதை வாங்கக் கூடாது. விற்பவர் அப்படிச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். சுழல்வதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவும், நான்கைந்து விளக்குகளுக்காகவும் வைக்கலாம்; அது தவறில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு யூனிட்டும் மாதம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. பெரும்பகுதி ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நம் ஊர் மழையும் அப்படித்தானே பெய்கிறது!

சூரியத் தகட்டோடு குழப்பிக்கொள்வது

கூரையில் சூரியத் தகடு போட்டுப் பழகிய எலெக்ட்ரீஷியன்கள்தான் பெரும்பாலும் காற்றாடியையும் மாட்டித் தருகிறார்கள். தவறு தொடங்குவது இங்கேதான். சூரியத் தகட்டை எந்த நேரத்திலும் வயரைக் கழற்றிச் சும்மா விட்டுவிடலாம். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், தகடு கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். அதனால் சூரியத் தகட்டுக்கான கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். அது சரியான வேலை.

காற்றாடிக்கு அதே கன்ட்ரோலரைப் போட்டால் என்ன ஆகும்? பேட்டரி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும்வரை, அந்த வாங்குதலே காற்றாடிக்குக் கடிவாளமாக இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து மின்னோட்டம் பாயும்போது அதன் காந்தங்கள் சுழற்சிக்கு எதிராக இழுக்கின்றன. இணைப்பைத் துண்டித்த கணத்தில் அந்த இழுப்பு அறுந்துபோகிறது. தள்ளும் காற்று மட்டும் மிஞ்சுகிறது. காற்றாடி கட்டவிழ்ந்த காளையாக ஓடும். நிலைக்காந்த ஜெனரேட்டரில் வோல்டேஜ் சுழலும் வேகத்துக்கு நேர்விகிதமாக ஏறும். பேட்டரியோடு கட்டப்பட்டு 28 வோல்ட்டில் அடங்கியிருந்த கருவி, அவிழ்ந்தவுடன் அதைப்போல இரண்டு மூன்று மடங்குக்குப் போகும். 50 வோல்ட்டுக்குச் செய்த கப்பாசிட்டர் அதைத் தாங்காது. ஆச்சி வீட்டில் வந்த புகை இதுதான்.

இதில் காற்றாடியின் வகையும் முக்கியம். பீப்பாயை நெடுக்கில் பிளந்து எதிரெதிராக வைத்ததுபோல இருப்பது சவோனியஸ் வகை; பின்லாந்தைச் சேர்ந்த சிகுர்ட் சவோனியஸ் 1920களில் வடிவமைத்தது. காற்று அதைத் தள்ளித்தான் சுற்றுகிறது. அதனால் அதன் விளிம்பு காற்றின் வேகத்தை வெகுவாக விஞ்ச முடியாது. அவிழ்த்துவிட்டாலும் ஓரளவோடு நின்றுகொள்ளும். முட்டை அடிக்கும் கருவிபோல மெல்லிய வளைந்த இதழ்களோடு இருப்பது டேரியஸ் வகை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் டேரியஸின் பெயரால் வழங்குவது. விமான இறக்கையைப்போல ஏற்றுவிசையால் சுழல்வது. அதன் இதழ் காற்றைவிட நான்கு மடங்கு வேகத்திலும் ஓடும். கடைகளில் பார்க்க டேரியஸ்தான் அழகு. படத்தில் அதுதான் கண்ணை இழுக்கிறது. குழந்தைகள் விளையாடும் மொட்டை மாடிக்கு நான் சவோனியஸையே சொல்வேன். மின்சாரம் குறைவாகத் தரட்டும். இதழ் பிய்ந்து தெருவில் விழாமல் இருப்பது பெரிது.

முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்கலாம். அவற்றில் பலவற்றின் இறக்கைகள் தம் அச்சிலேயே திரும்பக்கூடியவை. காற்று மிகுந்தால் இறக்கையைத் திருப்பிக் காற்றை நழுவவிடும். நொடிக்கு 25 மீட்டர் வாக்கில் முழுதாக நின்றும்விடும். வேண்டாத காற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வசதி அது. மொட்டை மாடிக் காற்றாடியின் இதழ்கள் இறுக்கிப் பூட்டப்பட்டவை. வந்ததையெல்லாம் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கியதை எங்கேயாவது வைத்துத்தான் ஆகவேண்டும்.

பூட்டிய வீடுகளின் தனிச் சிக்கல்

மற்ற ஊர்களில் உபரி என்பது எப்போதாவது வருவது. செட்டிநாட்டில் அது அன்றாட நிலை. பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். காவலுக்கு ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் போதும். கல்யாணம், சாந்தி, கோயில் திருவிழா என்று வந்தால் மட்டும் நூறு பேர் கூடி முகப்பிலிருந்து மூன்றாம் கட்டுவரை விளக்கெரியும். அந்த நாளுக்குக் காற்றாடியின் மின்சாரம் எந்த மூலைக்கும் காணாது. மற்ற நாட்களில் அதன் மின்சாரத்தை எடுக்க ஆளில்லை.

ஆச்சி வீட்டுக் கணக்கையே பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. சேர்த்து 3.6 யூனிட் கொள்ளும். விளக்குகள் பத்து, ஒவ்வொன்றும் 5 வாட், மாலை ஐந்து மணி நேரம். ஒரு நாளைக்குக் கால் யூனிட் செலவு. ஆடியில் நொடிக்கு 7 மீட்டர் காற்று நாள் முழுக்க வீசினால் வரவு முக்கால் யூனிட். தினமும் அரை யூனிட் மிச்சம். ஒரு வாரத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடுகிறது. பிறகு ஆடி முடியும்வரை வருவதெல்லாம் உபரி. பேட்டரியைப் பெரிதாக்கினால் நிறையும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. கண்மாயை ஆழப்படுத்தினால் கலுங்கு வேண்டாம் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

நிறைந்த பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்குள் நடப்பதை ஆராய்வது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்று. ஈய-அமில பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு 14.4 வோல்ட் என்ற அளவுக்கு மேல் தொடர்ந்து தள்ளினால், ஈயத் தகடுகளில் ஏற வேண்டிய ஆற்றல் தண்ணீரைப் பிளக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிட்டு வெளியேறும். டிஸ்டில்ட் வாட்டர் வற்றும், தகடு வெளியே தெரியும், பேட்டரியின் ஆயுள் குறையும். காற்றோட்டமில்லாத அறையில் சேரும் ஹைட்ரஜனுக்கு ஒரு தீப்பொறி போதும். பழைய சாமான் அறையில், மரப் பெட்டகங்களுக்கு நடுவே பேட்டரியை வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

அந்த ஹைட்ரஜனையே பயனாக்கியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்த பவுல் லா கூர், 1891இல் காற்றாலை ஒன்றை நிறுவி, அதன் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வந்த ஹைட்ரஜனைச் சேமித்துப் பள்ளிக்கூடத்துக்கு விளக்கேற்றினார். காற்று அடிக்கும்போது வேண்டியதில்லை, வேண்டும்போது காற்று அடிப்பதில்லை என்ற சிக்கல் காற்று மின்சாரம் பிறந்த நாளிலேயே கூடப் பிறந்துவிட்டது. நம் மாநில மின்தொகுப்புக்கும் அதே சிக்கல்தான். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986இல் தொடங்கிய காற்றாலைப் பண்ணை, இன்று மாநிலமெங்கும் 10,000 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. ஆடிக் காற்றில் நள்ளிரவில் மின்சாரம் மிகும்போது சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும், அதனால் உற்பத்தியாளர்கள் வருந்துவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. மிகுதியைச் சேர்த்துவைக்கும் வழிகளில் ஒன்றாக, கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிகும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரமாக்குகிறார்கள். பெரியதற்கும் சிறியதற்கும் தத்துவம் ஒன்றே.

கலுங்கு கட்டும் முறை

காற்றாடிக்கான கலுங்கை எலெக்ட்ரீஷியன்கள் 'டம்ப் லோடு' என்பார்கள். பேட்டரியின் வோல்டேஜ் ஓர் அளவைத் தொட்டதும், கன்ட்ரோலர் காற்றாடியைத் துண்டிக்காமல், வரும் மின்சாரத்தை ரெசிஸ்டர் என்ற மின்தடைக்குத் திருப்பிவிடும். அது வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். காற்றாடிக்குக் கடிவாளம் அறுவதே இல்லை. பேட்டரி இழுக்கும் அல்லது ரெசிஸ்டர் இழுக்கும். இரண்டில் ஒன்று எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும்.

அளவெடுப்பது கடினமில்லை. 24 வோல்ட் அமைப்பு, 400 வாட் காற்றாடி என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டர் வேலைசெய்யும் வோல்டேஜ் 28.8. 400 வாட்டை 28.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 ஆம்பியர். 28.8ஐ அந்த 14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 ஓம். ஆனால் 2 ஓம் போட்டு நிறுத்திவிடக் கூடாது. பலத்த வீச்சில் காற்றாடி தன் அட்டையில் எழுதியதைவிட அதிகம் தரும். அதனால் 1.6 ஓம் போட வேண்டும்; 18 ஆம்பியர், 518 வாட் வாங்கும். வயரும் ஸ்விட்சும் இந்த 18 ஆம்பியருக்கு மேல் தாங்க வேண்டும். 30 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால் நிம்மதி. ரெசிஸ்டரின் தாங்குதிறன் 1000 வாட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வெயிலில், மூடிய பெட்டிக்குள், எழுதிய அளவில் பாதிதான் அது நிம்மதியாகத் தாங்கும்.

அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழு வேலையில் இருக்கும் ரெசிஸ்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். நம் வீடுகளில் உத்தரம், தூண், நிலை, கதவு எல்லாம் பர்மாத் தேக்கு. நூறாண்டுகளாக உலர்ந்த மரம். ஆகவே ரெசிஸ்டர் வீட்டுக்குள் வரவே கூடாது. மொட்டை மாடியில், நிழல் விழும் வெளிச்சுவரில், துளையிட்ட இரும்புப் பெட்டிக்குள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கை எட்டாத உயரத்தில் பொருத்த வேண்டும். மேலே மழைக்கு ஒரு தகரம். காகிதம், சருகு, குருவிக்கூடு சேராமல் கம்பி வலை.

இன்னொன்று. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே பியூஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த பியூஸ் போனால் ரெசிஸ்டரும் சேர்ந்து அறுந்துபோகிற மாதிரி வயரிங் செய்திருந்தால், ஆபத்து நேரத்தில் கலுங்கு அடைபட்டுப்போகும். ரெசிஸ்டர் காற்றாடியின் பக்கத்தில் இணைந்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை, செல் எதுவும் அளவு மீறினால் எச்சரிக்கை இல்லாமல் பேட்டரியையே துண்டித்துக்கொள்ளும். தன்னைக் காத்துக்கொள்ளும், காற்றாடியைக் கைவிட்டுவிடும்.

கண்மாய்க் கலுங்கின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் பருவத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்துக் கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் பிடிப்பார்கள். மழை முடிந்தது என்று தப்புக்கணக்குப் போட்டு அடைத்தால் கரைக்கு ஆபத்து. கன்ட்ரோலரில் ரெசிஸ்டர் திறக்கும் வோல்டேஜை 28.8லிருந்து 30க்கு ஏற்றி வைத்து, 'கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் ஆகட்டும்' என்று நினைப்பவர்கள் செய்வது அந்த வேலைதான்.

வெப்பமாக வீணாவதா?

ரெசிஸ்டர் என்றவுடன் ஆச்சிக்கு மனம் ஒப்பவில்லை. "வந்த லட்சுமியைச் சூடாக்கி வானத்தில் விடுவதா, தம்பி?" என்றார். கூரையில் விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் முற்றத்துக்கு இறக்கி, அண்டாவில் பிடித்து, மிஞ்சியதை ஊருணிக்கு அனுப்பிப் பழகிய மரபில் வந்தவர். அவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உபரியைப் பயனாக்கலாம்; அதற்குத்தான் மடை.

நம் சீமைக்குப் பொருத்தமான மடை என்று நான் கருதுவது தண்ணீர் ஏற்றுவது. குளிர்நாட்டவர் உபரி மின்சாரத்தில் அறையைச் சூடாக்குகிறார்கள். செட்டிநாட்டில் அதைச் செய்ய யாருக்கும் ஆசை வராது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரின் இழப்புகளையெல்லாம் சேர்த்தாலும், 0.1 யூனிட் போதும். மிச்சமாகும் அரை யூனிட்டில் ஐந்தாயிரம் லிட்டர் என்றாகிறது! திறந்த கிணறு உள்ள வீடுகளில் ஒரு சிறு டி.சி. மோட்டாரை வைத்து, பேட்டரி 27.6 வோல்ட்டைத் தொட்டால் ஓடவும் 26க்கு இறங்கினால் நிற்கவும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் பொருத்தினால், மேல்நிலைத் தொட்டி தானே நிறையும். முருங்கைக்கும் மாதுளைக்கும் தண்ணீர் போகும். ஆழ்குழாய்க் கிணறு முந்நூறு அடி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே காற்றாடியை மறந்துவிடலாம்.

தண்ணீரைச் சூடாக்குவது அடுத்த வழி. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 0.44 யூனிட் ஆகும். விருந்தினருக்குச் சமைக்கும் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரம் துலக்க அது உதவும். சிலர் உபரியில் ஓடட்டும் என்று முற்றத்தில் சிறு நீரூற்று வைக்கிறார்கள். அழகான எண்ணம், காற்று அடிக்கும்போது தண்ணீர் எழும்பும், அடங்கினால் அடங்கும். அழகுக் காற்றாடிக்கு அதைவிட இசைவான துணை இல்லை.

ஆனால் இவை அனைத்தும் மடைகள். தொட்டி நிறைந்தால் மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் வற்றிய பாத்திரத்தில் ஹீட்டர் கருகிவிடும். ஊற்றில் இலை அடைத்தால் பம்பு நின்றுவிடும். பல்பு போட்டால் ஃபிலமென்ட் அறுந்துவிடும். பயனுள்ள லோடு எதுவும் எப்போதும் இருக்கும் என்ற உறுதி கிடையாது. அது நின்ற கணத்தில் காற்று நின்றுவிடப்போவதில்லை. ஆகவே மோட்டாரும் ஹீட்டரும் 27.6இல் தொடங்கட்டும், அதற்கும் மேலே 28.8இல் ரெசிஸ்டர் தனியாகக் காத்திருக்கட்டும். நல்ல ஏற்பாட்டில் அந்த ரெசிஸ்டர் ஆண்டில் சில நாள்தான் சூடாகும். 'அதான் ஹீட்டர் இருக்கிறதே' என்று ரெசிஸ்டரைக் கழற்றிவிட்ட இரண்டு வீடுகளை நான் அறிவேன். இரண்டிலும் பெட்டி எரிந்தது.

மின்வாரியத் தொகுப்புக்கே உபரியை அனுப்பிவிடலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். முறையாக அனுமதி பெற்று, மீட்டர் வைத்து இணைத்தாலும், ஊரில் மின்சாரம் நின்ற நொடியில், உபரியைத் தொகுப்புக்கு ஏற்ப மாற்றி அனுப்பும் இன்வெர்ட்டர் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிர் அந்த விதியில் இருக்கிறது. அனுமதியில்லாமல், பிளக்கில் செருகித் திருப்பி அனுப்புவது கொலைக்கு ஒப்பானது. ஆனால் மின்சாரம் எப்போது நிற்கிறது? பெருங்காற்று அடிக்கும்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மேற்கே நகர்ந்தபோது, புதுக்கோட்டைச் சீமையில் கம்பங்கள் சரிந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்றாடி மிக அதிகமாகத் தரும் இரவும், தொகுப்பு வாங்க மறுக்கும் இரவும் ஒரே இரவு. தொகுப்பும் ஒரு மடைதான்.

நிறுத்திவைப்பது

காற்றாடிகளுக்கு பிரேக் ஸ்விட்ச் ஒன்று தருவார்கள். ஜெனரேட்டரின் மூன்று வயர்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் எளிய ஸ்விட்ச். அப்படி இணைத்தால் காந்த இழுப்பு மிகுந்து காற்றாடி நகர்ந்தும் நகராமலும் நிற்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்பும்போது செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவருகிறேன். புயல் எச்சரிக்கை வந்தாலும், காற்று எழுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். தலைதெறிக்கச் சுழலும்போது போட்டால் பிரேக் பிடிக்காமல் போகலாம். சுற்றுக்கம்பி காய்ந்து கருகவும் கூடும். நடுப்புயலில் மாடிக்கு ஓடி ஸ்விட்சைத் தேடுவது ஆளுக்கும் ஆபத்து.

பார்க்கும் அழகு மட்டும் போதும், மின்சாரம் வேண்டாம் என்பவர்கள் ஜெனரேட்டரே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அச்சில் ஓர் அலுமினியத் தட்டை மாட்டி, அருகே காந்தங்களை நிறுத்தினால், வேகம் கூடக்கூட அந்தத் தட்டில் சுழல்மின்னோட்டம் எழுந்து தானே தடுக்கும். பேட்டரி இல்லை, பெட்டி இல்லை, புகையும் இல்லை. பூட்டிய வீட்டுக்கு நான் மனதார இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆச்சி அதற்குச் சம்மதிக்கவில்லை. திண்ணை விளக்கு காற்றில்தான் எரிய வேண்டும் என்றார். புதுக் கன்ட்ரோலர் மாட்டினோம். கிணற்றில் சிறு மோட்டார், வெளிச்சுவரில் இரும்புப் பெட்டிக்குள் 1.6 ஓம் ரெசிஸ்டர், படிக்கட்டின் அடியில் கை எட்டும் இடத்தில் பிரேக் ஸ்விட்ச். ஆனி பிறந்ததும் காவலர் செய்ய வேண்டிய சோதனை ஒன்றையும் சொல்லிக்கொடுத்தேன். காற்று மிதமாக இருக்கும் ஒரு காலையில், பேட்டரி நிறைந்திருக்கும்போது, மோட்டாரின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இரும்புப் பெட்டியின் அருகே, தொடாமல், உள்ளங்கையைக் காட்ட வேண்டும். வெப்பம் தெரிந்தால் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் பிரேக்கைப் போட்டுவிட்டு என்னை அழைக்க வேண்டும். அடுத்த ஆனியில் அழைப்பு வந்தது. வெப்பம் தெரிகிறது என்று சொல்வதற்காகவே அழைத்திருந்தார்.